செந்தாமரை கேட்டு வாங்கிய மைக்

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து படப்பை வரைக்கும் எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் பகலவனின் குரலைக் கேட்காமல் சாப்பிட்டுத் திரும்ப முடியாது. "முதல் பந்தி எழுந்தாச்சு, மாப்ள வூட்டுக்காரங்க கை கழுவ இந்தப் பக்கம் வரவும்" என்று அவன்தான் சொல்வான். காது குத்தா, கூழ் வார்க்கிறதா, காணாமல் போன ஆடா, எல்லாவற்றுக்கும் அவனுடைய ரேடியோ செட்தான். கொளத்துமேட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே கடை வைத்திருந்தான். சைக்கிள் கேரியரில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, ஹாண்டில்பாரில் ஆம்ப்ளிஃபையரை மாட்டிக்கொண்டு அவன் போவதைப் பார்த்தால், எதிரே வருகிற லாரிக்காரனே ஒதுங்கி வழி விடுவான்.

அவன் அப்பா கோதண்டம் விவசாயி. கட்சிக் கூட்டம் என்றால் காஞ்சிபுரத்துக்கே நடந்து போகிறவர். அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்பியவர் வாசலிலேயே பிள்ளை பிறந்த செய்தியைக் கேட்டு, அங்கேயே நின்று பகலவன் என்று பெயர் வைத்தார். பையன் மேடையில் பேசுவான் என்று நினைத்தார். அவன் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒயரைத் திருகுகிறவன் ஆனான். தாம்பரத்தில் ஒரு கடையில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியபோது அவனுக்கு இருபது வயது.

இந்தக் கதை நடந்த தொண்ணூற்றொன்றில் முப்பத்து மூன்று. அவனால் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்பதைக் கூடத் தெருவுக்கே அறிவிக்கிற மாதிரிதான் சொல்வான். அவன் மனைவி பாஞ்சாலி கரண்டியை நீட்டி, "வூட்டுக்குள்ளயும் மைக்கு கீதா?" என்று கேட்பாள்.

அந்த மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எந்த ஊரிலும் குழாய் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கல்யாணங்கள் கூடச் சத்தமில்லாமல் நடந்தன. ஆடி பிறக்கும் வரை பகலவனின் செட் துணி போர்த்திக்கொண்டு கடையில் கிடந்தது. சும்மா உட்கார்ந்தே பழக்கமில்லாத அவன், மகள் நிலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினான். அப்படித்தான் ஊட்டச்சத்து மையத்து அம்சவல்லியிடம் போய்ச் சேர்ந்தான்.

அம்சவல்லி வாலாஜாபாத்துப் பெண். கொளத்துமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். முந்தின வருஷம்தான் ஊரில் மையம் திறந்து அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை மாதம் ஒரு தடவை எடை போட வேண்டும். எடை ஏறாத குழந்தைக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும் தினமும் சத்துமாவு உருண்டை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் எடையைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், பிள்ளை வளர்கிறதா தேய்கிறதா என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிந்துவிடும்.

போன வருஷம், நிலாவின் கோடு ஏழாம் மாதத்தில் படுத்துவிட்டது. பாஞ்சாலி தாய்ப்பாலும் டீயில் நனைத்த பிஸ்கட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். பருப்பு சாதம் என்றாலே, "மாந்தம் வந்துடும் டீச்சர்" என்று பயந்தாள். அம்சவல்லி வாதாடவில்லை. மறுநாளிலிருந்து பன்னிரண்டு நாள், மத்தியானத்தில் அவர்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, குழைய வடித்த சோற்றில் பருப்பும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினாள். பதின்மூன்றாம் நாள் பாஞ்சாலி, "நீ இன்னிக்கி வேற வூட்டப் பாரு. இதுக்கு நான் போதும்" என்றாள். ஒன்றரை வயதில் இப்போது நிலா அப்பாவின் தோளில் உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்து வண்டி ஓட்டுகிறாள்.

அன்றைக்கு மையத்து வாசலில் அம்சவல்லி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முகம் வாடி நின்றிருந்தாள்.

"இன்னா டீச்சர், யாரு இன்னா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல அண்ணா. அதான் பிரச்சினையே. ஊர்ல அம்பது பிள்ளைங்க இருக்கு. எடை போட வந்தது பதினொண்ணு. வீடு வீடாப் போய்க் கூப்பிட்டாலும் மறந்துட்டேன்ங்கிறாங்க."

பகலவன் தன் மகளைக் கீழே இறக்கிவிட்டு, மார்பைத் தட்டிக்கொண்டான். "இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? நம்மகிட்ட இன்னா கீதோ இல்லியோ, குழாய் கீதே!"

ஆடி மாதத்து எடை நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீர்த் தொட்டி மேல் கட்டிய குழாய் முழங்கியது. "தாய்மார்களே! தொட்டில்ல கீற தங்கங்களத் தூக்கிகினு மையத்துக்கு வாங்க! தூங்கற புள்ளயா இருந்தாலும் பரவால்ல, தராசுல போட்டா தானா எழுந்துக்கும்!" ஊர் சிரித்துக்கொண்டே வந்தது. அம்சவல்லி எண்ணிப் பார்த்தாள். முப்பத்து நாலு. குவாரிக்குப் போகிற பெண்கள் சிலர், கூலி போனால் போகட்டும் என்று அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

கூரை விட்டத்திலிருந்து தராசு தொங்கியது. கால் நுழைக்கிற மாதிரி தைத்த துணிப்பையில் குழந்தைகள் ஒவ்வொன்றாக ஏறி, காலை உதைத்து அழுதன. வாசலில் மைக்குடன் உட்கார்ந்திருந்த பகலவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தேர்தல் முடிவுகளை ரேடியோவில் கேட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் குரல் தானாக வந்துவிட்டது.

"கொளத்துமேடு கீழத்தெரு, ஞானம்மா மகன் பாபு, ஒம்போது கிலோ இருநூறு! போன மாசத்த விட முந்நூறு கிராம் முன்னணி!"

ஞானம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். வரிசையில் இருந்தவர்கள், "எம்புள்ளயச் சொல்லு, எம்புள்ளயச் சொல்லு" என்றார்கள். பகலவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். உள்ளே அழுகைச் சத்தத்தில் அம்சவல்லிக்கு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. அவள் எடையைச் சொல்வாள், கதவோரம் நிற்கிறவர்கள் அதை வெளியே கடத்துவார்கள்.

"மேட்டுத்தெரு, செந்தாமரை மக சுபஸ்ரீ, பதினோரு மாசம், ஆறு கிலோ நூறு. இருநூறு கிராம் பின்னடைவு!" என்றவன், ஓட்டத்தில் நாக்கை நிறுத்தத் தெரியாமல் சொல்லிவிட்டான்: "டெபாசிட் காலி!"

டீக்கடையில் நின்ற ஆம்பளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

செந்தாமரை குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். இருபத்திரண்டு வயது இருக்கும். குழந்தையைத் துணிப்பையிலிருந்து எடுத்து, முந்தானையால் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். அம்சவல்லி வெளியே வந்து விஷயம் என்னவென்று கேட்டாள். யாரோ சொன்னார்கள். அவள் நேராகப் போய் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"சும்மா ஒரு தமாசுக்கு..." என்றான் பகலவன்.

"பிள்ளை மெலியறது தமாசா அண்ணா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் எடை நாளுக்கு இருபது பேர் கூட வரவில்லை. செந்தாமரை வரவில்லை. அவளோடு குவாரிக்குப் போகும் எட்டுப் பேரும் வரவில்லை. குவாரியில் வேலை செய்கிற ஆட்கள் குழந்தையை, "இன்னா டெபாசிட், தூங்கலயா?" என்று கூப்பிடுகிறார்களாம். இதைப் பாஞ்சாலிதான் கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, நிலாவுக்குச் சோறு பிசைந்துகொண்டே, "நம்ம பொண்ணு எடை எறங்கினப்ப யாராச்சும் குழாய் கட்டிச் சொல்லியிருந்தா, நீ இன்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டாள். பகலவன் பதில் சொல்லாமல் இருந்தது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை என்று பாஞ்சாலி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சைக்கிளில் குவாரிக்குப் போனான். செட் எதுவும் எடுத்துப் போகவில்லை. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து சுத்தியலால் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமுடி, புருவம், மரத்து இலை எல்லாம் ஒரே வெள்ளைத் தூசி. வேப்பமரத்துக் கிளையில் மூன்று தூளிகள் தொங்கின. ஒன்றில் சுபஸ்ரீ கண்ணைத் திறந்துகொண்டு, அழாமல், அசையாமல் படுத்திருந்தாள். அந்த வயதில் நிலா ஒரு நிமிஷம் கூட ஓரிடத்தில் கிடந்ததில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது.

செந்தாமரைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். "தங்கச்சி" என்றான். "அன்னிக்கி நான் பேசினது தப்பும்மா. மனசுல வச்சுக்காத" என்றான்.

அவள் கையை நிறுத்தவில்லை. ஒரு கல்லை உடைத்து, அடுத்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "திட்டறப்ப ஊருக்கே கேக்கற மாதிரி திட்டின. மன்னிப்பு மட்டும் எங்காதுல வந்து சொல்றியாண்ணா?"

பக்கத்தில் இருந்த ஞானம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குழாய் கட்டியே சொல்றேன்" என்றான் பகலவன்.

"சொல்லு. சொல்லிட்டு மைக்க எங்கையில குடு. நானும் ஒண்ணு சொல்லணும்."

மறுநாள் சாயங்காலம், குவாரி லாரி பெண்களை இறக்கிவிடும் நேரத்துக்கு, தண்ணீர்த் தொட்டியடியில் செட் தயாராக இருந்தது. நாலு குடத்தோடு தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், டீக்கடைக்காரர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. பகலவன் மைக்கைப் பிடித்தான்.

"மேட்டுத்தெரு செந்தாமரைகிட்ட பகலவன் ஆகிய நான் மன்னிப்புக் கேக்கறேன். அன்னிக்கி நான் பேசினது அசிங்கம். அத்தக் கேட்டுச் சிரிச்சவங்களுக்கும் இதுல பங்கு கீது. இனிமே அந்தப் பாப்பா பேரு சுபஸ்ரீ. வேற பேர் வச்சுக் கூப்பிடறவன் வூட்டு விசேஷத்துக்கு என் செட் வராது. அவ்ளோதான்."

டீக்கடைப் பக்கம் சிரிப்பு எதுவும் எழவில்லை. செந்தாமரை முன்னால் வந்து மைக்கை வாங்கினாள். வாய்க்கு மிக அருகில் வைத்ததில் கீச்சென்று அலறியது. பயந்துபோய்த் தூரப் பிடித்தாள். பிறகு பேசினாள்.

"எம்பொண்ண நான் பட்டினி போடல. காத்தால ஆறு மணிக்கு லாரி வருது. அதுக்குள்ள கஞ்சி வச்சுக் குடிச்சுட்டு, புள்ளயத் தூக்கிகினு ஏறணும். திரும்பி வரப்ப வெளக்கு வைக்கிற நேரம் ஆயிடுது. மையம் இன்னா நேரத்துக்குத் தொறக்குது? ஒம்போது மணிக்கு. மூடறது மத்தியானம். உருண்டை தினம் வந்து துன்னணும்ங்கறாங்க. நான் எப்பிடி வருவேன்? டீச்சர் நல்லவங்கதான். ஆனா அந்தக் கதவு தொறக்கறப்ப நான் கல்லு ஒடைச்சுகினு இருக்கேன். இத்த யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. அதான் இதுல சொன்னேன்."

ஞானம்மா வந்து, "குடுடி இப்பிடி" என்று மைக்கை வாங்கினாள். "எடை நாள வெள்ளிக்கெழமை வச்சா நாங்க அரை நாள் கூலிய வுட்டுட்டு வரணும். அமாவாசைக்கு குவாரி லீவு. அன்னிக்கி வச்சா இன்னா?" அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். உருண்டை காய்ந்துபோய்ப் பிள்ளை தொண்டையில் சிக்குகிறது என்றாள். மாவாகக் கொடுத்தால் வெந்நீரில் கரைத்து ஊட்டலாமே என்றாள். கர்ப்பமாக இருந்த ஒருத்தி மைக்கை வாங்கி, ஒன்றும் பேசத் தோன்றாமல் சிரித்துவிட்டு, "எனக்கும் அதேதான்" என்று திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பதினாறு பெண்கள் பேசினார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்று அம்சவல்லி அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் செந்தாமரையிடம் போய், "ஒரு வருஷமா நீங்கள்லாம் ஏன் தினமும் வரலன்னு மட்டும்தான் யோசிச்சேன். நான் எப்ப கதவைத் திறக்கறேன்னு யோசிக்கவே இல்லம்மா" என்றாள்.

மையங்களைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் கங்கம்மாள், படப்பையில் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், கறாரானவர் என்று பெயர். அம்சவல்லி நோட்டைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நேரம் ஒன்பதுன்னு போட்டிருக்கு. நான் எப்படி மாத்தறது?" என்றார். பிறகு பதினாறு பேர் சொன்னதையும் முழுதாகப் படித்தார். "அந்த லாரி நெஜமாவே ஆறு மணிக்கா வருது?"

"நீங்களே வந்து பாருங்கம்மா."

முதல் பஸ்ஸில் வந்தாலும் ஆறு மணிக்குள் கொளத்துமேடு வர முடியாது. அதனால் கங்கம்மாள் முந்தின நாளே வந்து அம்சவல்லி வீட்டில் தங்கினார். காலை ஐந்தரைக்கு மையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள். பகலவன் குழாயைத் தணித்து வைத்து, பக்தி பாட்டு ஒன்றைப் போட்டு, "மையம் தொறந்தாச்சும்மா, மாவு சூடா கீது" என்று மட்டும் சொன்னான். அவ்வளவு மெதுவாக அவன் பேசுவான் என்று ஊருக்கே தெரியாது.

ஐந்தே முக்காலுக்கு ஒன்பது பெண்கள், தூக்குச்சட்டியும் இடுப்பில் குழந்தையுமாக வந்தார்கள். வெந்நீரில் கரைத்த சத்துமாவைக் கங்கம்மாளே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். சுபஸ்ரீ முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதை யோசித்தாள். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள். லாரி ஹாரன் அடித்தபோது கிண்ணம் காலியாக இருந்தது.

"மூணு மாசம் இப்படி நடத்திப் பாரு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு" என்றார் கங்கம்மாள், பஸ்ஸுக்குக் கிளம்பும்போது. "மத்தியானத்துக்கு என்ன பண்ணப் போற?"

அதற்கும் வழி பிறந்தது. பத்து மணிக்கு மையத்தில் மற்றப் பெண்கள் கூடி உருண்டை பிடித்தார்கள். காயாமல் இருக்க, வெல்லப் பாகைக் கொஞ்சம் தளர்த்தியாக வைத்தார்கள். குழந்தைகளுக்கான பங்கைப் பகலவன் தூக்கில் வாங்கிக்கொண்டு சைக்கிளில் குவாரிக்குப் போவான். அங்கே பிள்ளைகளுக்குத் தன் கண் முன்னால் ஊட்ட வைக்க வேண்டியது ஞானம்மாவின் பொறுப்பு. வழியில் ஓர் உருண்டையை அவன் சாப்பிட்டுப் பார்த்துவிட்டதாக ஞானம்மா ஒரு நாள் குற்றம் சாட்டினாள். மீசையில் மாவு ஒட்டியிருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து அவன் வந்ததும் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்.

அக்டோபர் அமாவாசையில் நாற்பத்தொரு குழந்தைகள் எடை போட வந்தன. யார் எடையையும் யாரும் உரக்கச் சொல்லவில்லை. அம்சவல்லி ஒவ்வொரு தாயையும் தனியாக உட்கார வைத்து அட்டையைக் காட்டிப் பேசினாள். சுபஸ்ரீ ஆறு கிலோ நானூறு. பிறகு மழை பிடித்துக்கொண்டது. சேறும் சகதியுமாக இருந்த அந்த நாட்களில் சுபஸ்ரீக்கு வயிற்றுப்போக்கு வந்தது. செந்தாமரை வேலையை விட்டுவிட்டு மையத்துக்கு ஓடி வந்தாள். அம்சவல்லி கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்து, கரண்டி கரண்டியாக இரண்டு நாள் கொடுக்க வைத்தாள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தவே கூடாது என்றாள். தீபாவளியை ஒட்டி வந்த அமாவாசையில் எடை நூறு கிராம்தான் ஏறியிருந்தது. செந்தாமரை அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த மழையில எறங்காம நின்னுதே, அதுவே பெருசு டீச்சர்" என்றாள். புள்ளியைப் படிக்க அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

டிசம்பர் அமாவாசைக்கு மழை விட்டிருந்தது. மூன்று மாதம் முடிந்ததால் கங்கம்மாளும் வந்திருந்தார். மையத்துக்குள் பாயை விரித்து ஐம்பது பிள்ளைகளையும் உட்கார வைத்திருந்தார்கள். உட்கார வைத்த இடத்தில் எதுவும் உட்காரவில்லை. தாய்மார்கள் ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலி மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அவளையும் எடை பார்க்க வேண்டும் என்று அம்சவல்லி கூப்பிட, "புருசன் முன்னாடியா? அவரு வெளிய போவட்டும் மொதல்ல" என்றாள். பகலவன் சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

சுபஸ்ரீயைத் துணிப்பையில் ஏற்றினார்கள். தராசு முள் ஆடி, ஆடி, நின்றது.

"ஏழு கிலோ நூறு" என்றாள் அம்சவல்லி, மெதுவாக. கங்கம்மாள் குனிந்து தானே ஒரு தடவை பார்த்தார். அட்டையில் கோடு மேலே ஏறியது. செந்தாமரை விரலால் அந்தக் கோட்டின் மேல் கீழிருந்து மேலாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக் கை போதாமல், குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டாள்.

இறக்கிவிட்ட சுபஸ்ரீ ஒரு நிமிஷம் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை யாராவது கையைப் பிடித்தால்தான் நடப்பாள். நாலடி தள்ளி ஞானம்மா உருண்டைத் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். சுபஸ்ரீ அதைப் பார்த்தாள். ஒரு கால் எடுத்து வைத்தாள். ஆடினாள். இன்னொரு கால் எடுத்து வைத்தாள்.

"ஏய், புடிக்காதீங்க, புடிக்காதீங்க!" என்று ஞானம்மா கத்தினாள்.

யாரும் பிடிக்கவில்லை. ஐந்தாறு அடி நடந்து, தட்டின் மேலேயே விழுந்து, இரண்டு கையாலும் ஓர் உருண்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பாய் முழுக்க மாவு. பெண்கள் போட்ட கூச்சலில் டீக்கடையில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். கங்கம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அம்சவல்லியின் நோட்டை வாங்கி, மையம் காலை ஐந்தரைக்கே தொடர்ந்து திறக்கப்படலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த புள்ளயக் கொண்டாங்கம்மா" என்றாள் அம்சவல்லி. இன்னும் முப்பது பேர் பாக்கி இருந்தார்கள்.